வரப்பில் இளைத்தவள்

அத்தியாயம் 14: பால்குடத்துக்கு வாங்கிய மாத்திரை

கோமளவல்லியைப் போன வாரம் எங்கே நிற்க வைத்துவிட்டு வந்தோம்? சமையற்கட்டு வாசலில், ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் மாத்திரை அட்டை. பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். இனியும் நிற்க வைத்தால் பாவம் நம் தலையில்தான் விழும்.

மாத்திரையை வாங்கி வந்தவள் மாமியார் பிரகதாம்பாள். "வெள்ளிக்கிழமை நீ பால்குடம் எடுக்கணும். இன்னைலேருந்து போட்டா தள்ளிப் போயிடும்" என்று கையில் திணித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஊரில் இது புதிதில்லை. திருவிழா வந்தால் மன்னார்குடி மெடிக்கல்களில் முதலில் தீர்ந்துபோகிற சரக்கு இதுதான்.

ஆனால் கோமளாவுக்கு எதைத் தள்ளிப் போடுவது? அவளுக்கு அது எப்போது வரும், எப்போது போகும் என்று பஞ்சாங்கம் எழுதுகிறவருக்கே தெரியாது. கல்யாணமான நாளாக சினைப்பையில் நீர்க்கட்டி. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது, வந்தால் நகராது.

மாத்திரையைப் பிதுக்கி வாயருகே கொண்டுபோனவளுக்குத் தஞ்சாவூர் டாக்டரம்மா ஜெக்கரியாவின் அதட்டல் நினைவுக்கு வந்தது. "தள்ளிப் போடுறதோ வர வைக்கிறதோ, எந்த மாத்திரையா இருந்தாலும் கார்டு டெஸ்ட் பார்க்காம வாயில வைக்காதே. எனக்குச் சத்தியம் பண்ணு!" சத்தியம் பண்ணியிருந்தாள். பீரோவின் புடவை அடுக்குக்கு அடியில் கர்ப்பம் பார்க்க எப்போதோ வாங்கின கார்டு ஒன்று கிடந்தது. சும்மா ஒரு சாங்கியத்துக்குத்தான் அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

சாங்கியத்துக்குப் பார்த்த கார்டில் இரண்டு கோடு!

முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கார்டைத் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கோடு இரண்டுதான். பிதுக்கின மாத்திரை இன்னும் இடக்கையில் வியர்வையில் நமுத்துக் கிடந்தது. அதை வீசி எறிந்த வேகத்தில் வாளியில் போய் விழுந்தது. சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடவே பயமும் வந்தது. வராமல் இருக்குமா? முன்னே ஒரு தடவை இதே இரண்டு கோட்டைப் பார்த்தவள் அவள். அப்போது எடை எண்பத்தொன்பது கிலோ. செய்தி தெரிந்த அன்றைக்கே பிரகதாம்பாள் அவளைக் கட்டிலில் ஏற்றினாள். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்டி" என்று வேளைக்கு வேளை நெய்ச்சோறு, பால், அதிரசம். தரையில் கால் வைக்க விடவில்லை. எட்டாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. வயிற்றில் தங்கினதைவிட, தங்காமல் போனது நீண்ட நாள் அந்த வீட்டில் தங்கியிருந்தது.

"உன் தப்பும் இல்லை, உங்க மாமியார் தப்பும் இல்லை" என்றுதான் டாக்டரம்மா சொன்னார். "ஆனா நீர்க்கட்டியும் இருந்து, எடையும் கூடுதலா இருந்தா, கரு நிக்கிறது கொஞ்சம் கஷ்டம். நின்னாலும் சர்க்கரை வரலாம், பிரஷர் வரலாம். எடையைக் குறை. பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலே கருமுட்டை தானா வர ஆரம்பிச்சுடும்."

குறைக்கிறது என்ன, கத்தரிக்காய்க் காம்பா, வெட்டி எறிய? டாக்டர் கொடுத்த சாப்பாட்டு அட்டவணை சுவரில் தொங்கியது. எடை அவள்மேல் தொங்கியது. கடைசியில் அவளை இளைக்க வைத்தது இராஜாங்கம் போட்ட வழக்கு!

இராஜாங்கம் வேறு யாருமில்லை, கோமளாவின் கணவன் தியாகேசனுக்குப் பெரியப்பா மகன். பங்காளி. கோயில் நிலம் ஐந்து மா, தியாகேசனின் அப்பா பேரில் குத்தகை. அவர் கண்ணை மூடியதும், "அங்கே சாகுபடி பண்ணுறதே நான்தான்" என்று இராஜாங்கம் கோர்ட்டுக்குப் போய்விட்டார். வழக்குப் போட்டபோது ஒரு கட்சி ஆட்சி. பிறகு மற்றது. கலர் டி.வி. கொடுத்தவர்கள் போய் மிக்சி கொடுத்தவர்கள் வந்தார்கள். டி.வி.யும் மிக்சியும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. தீர்ப்பு மட்டும் வந்து சேரவில்லை.

"உங்க வீட்டு ஆள் ஒருத்தர் தினமும் நிலத்துல நிக்கணும். நாலு பேர் கண்ணுல படணும். இல்லாட்டி அனுபவ பாத்தியதை போயிடும்" என்று வக்கீல் சொல்லிவிட்டார். தியாகேசன் மின்வாரியத்தில் வயர்மேன். கம்பத்தில் ஏறுவானா, வயலில் நிற்பானா? பிரகதாம்பாளுக்கு முழங்கால் வலி. மிச்சம் யார்? கோமளா நடந்தாள். வாய்க்கால் கரை நெடுகப் போக ஒரு நடை, வர ஒரு நடை. சும்மா நிற்கப் பிடிக்காமல் களை பறித்தாள், வரப்பு வெட்டினாள். மத்தியானம் கீரையும் கேழ்வரகுக் களியும். பழைய ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. ஊர் முழுக்க "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே, ஒடம்புக்கு என்ன?" என்று துக்கம் விசாரித்தது.

அந்த நிலத்துக்கு இன்றைக்குத்தான் கோர்ட் கமிஷனர் வருகிறார். யார் அனுபவிக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போக. ஆக, நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறது அந்த இரண்டு கோடு.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தியாகேசன் வந்தான். கார்டைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"இது ஒரு கோடா, ரெண்டா?"

"ரெண்டு."

கரண்டு கம்பத்தில் அலுங்காமல் ஏறி இறங்குகிறவன், தரையில் நின்றபடியே தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "கோமளா... கோமளா..." என்று இரண்டு தடவை சொன்னான்.

"மெதுவாங்க. அத்தை காதுல விழப்போகுது. கமிஷன் முடியட்டும், சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா என்னைக் கட்டில்ல ஏத்திடுவாங்க. வயல்ல யாரு நிக்கிறது?"

"சரி சரி. ஆனா நீ வண்டியில ஏறாதே. குலுங்கும்."

"நடந்தே போறேன்."

"நடக்கவா? நடக்காதே!"

"பறந்து போகட்டுமா?"

அவன் திருதிருவென்று விழித்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

"ரத்தம் படுதா? வயித்துவலி உண்டா?" என்றார் அவர்.

"இல்லைங்க டாக்டர்."

"மாத்திரை எதுவும் போட்டாளா?"

"போட இருந்தா. கார்டு பார்த்துட்டு வீசிட்டா."

"கெட்டிக்காரி! நடக்கட்டும்யா. நடந்து பழகின உடம்பு. வேகமா ஓட வேணாம், பாரம் தூக்க வேணாம். சாயங்காலம் கூட்டிட்டு வா, ஸ்கேன்ல பார்த்துடுவோம்."

கோமளா நடந்தாள். தியாகேசன் வண்டியில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டே பக்கத்தில் நடந்தான். எதிரே வந்தவர்கள் எல்லாம் "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "பெட்ரோல் இல்லை" என்று ஒவ்வொருவருக்கும் பொய் சொல்லிக்கொண்டே வந்தான். கோமளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குறுவைப் பயிர் பச்சென்று நின்றது. கமிஷனர் சின்ன வயசு வக்கீல். கறுப்புக் கோட்டும் சேறு அப்பிய ஷூவுமாக வரப்பில் தத்தளித்து வந்தார். பின்னால் குடையோடு இராஜாங்கம், அவருக்குப் பின்னால் அவர் வக்கீல். இராஜாங்கம் மன்னார்குடியில் வீடு கட்டிக் குடிபோய் வருஷக்கணக்காயிற்று. நிலத்தைத் தார் ரோட்டிலிருந்து காருக்குள் இருந்தே பார்ப்பதோடு சரி.

"சாகுபடி பண்ணுறது யாரு?" என்றார் கமிஷனர்.

"நாங்கதாங்க" என்றாள் கோமளா. தலையில் துண்டு, கணுக்கால்வரை சேறு.

இராஜாங்கத்தின் வக்கீல் முந்திக்கொண்டார். "சார், இதைத்தான் நாங்க மனுவுலயே சொல்லியிருக்கோம். இந்த அம்மா, தியாகேசன் கூலிக்கு வச்ச ஆள். தியாகேசன் மனைவி கோமளவல்லி நல்ல பாரி உடம்புக்காரி. நடக்கவே மூச்சு வாங்கும். அவங்க வயல்ல இறங்கினதே கிடையாது. கல்யாண போட்டோ இருக்கு, பாருங்க."

போட்டோவில் கோமளா மாலைக்குள் அடங்காமல் பூரித்து நின்றாள். கமிஷனர் போட்டோவைப் பார்த்தார், எதிரே நிற்பவளைப் பார்த்தார். வாக்காளர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிலும் பூசணிக்காய் முகம். அவர் நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, இது நீங்கதானா?"

தியாகேசன் குறுக்கே வந்தான். "சார், என் பொண்டாட்டியை எனக்குத் தெரியாதா?" என்றான்.

"நீங்க இந்த வழக்குல ஒரு கட்சிக்காரர். நீங்க சொல்றதை நான் எப்படி எழுதறது?" என்றார் கமிஷனர்.

இராஜாங்கத்தைக் குறை சொல்லக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தபோது ஒல்லியாக எவளோ ஒருத்தி குனிந்து நின்றாள். கோமளா என்றால் அவர் மனசில் அந்தக் கல்யாண உருவம்தான். கூலி ஆள் என்றே நம்பிவிட்டார்.

கோமளா துண்டை அவிழ்த்தாள். நேரே இராஜாங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நல்லாப் பாருங்க. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு, வாசப்படியில கால் இடறினப்ப, 'பார்த்து வாம்மா'ன்னு கையைப் பிடிச்சது நீங்கதானே?"

இராஜாங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். குடை கையிலிருந்து நழுவியது.

"அட, கோமளாவா! என்னம்மா இது, இப்படி இளைச்சுப் போயிட்டே? சாப்பிடறியா இல்லையா? ஏன்டா தியாகேசா, புள்ளையை இப்படியா வச்சிருப்பே?"

அவர் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். கமிஷனர் சிரிப்பை மென்றுகொண்டே எழுதினார்: எதிரே நிற்பவர் கோமளவல்லிதான் என்று வாதியே அடையாளம் காட்டினார். வழக்கு இருந்தால் என்ன, உறவு எங்கே போகும்? நாக்கு முந்திக்கொண்டது.

இராஜாங்கமும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் கிளம்பும்போது திரும்பி, "ஒடம்பு நோவு ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார்.

"இல்லை மாமா. நடந்து நடந்து குறைஞ்சது. நல்லா இருக்கேன்."

"எங்க சாவித்திரியும்..." என்று தன் மகளைப் பற்றி ஏதோ தொடங்கியவர், வக்கீல் முறைக்கவும் நிறுத்திக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிரகதாம்பாள் கேட்ட முதல் கேள்வி கமிஷனைப் பற்றி இல்லை.

"மாத்திரை போட்டியா?"

"போடலை அத்தை."

"ஏன்டி? நேர்த்திக்கடன் விளையாட்டா?"

கோமளா மாமியாரின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

பிரகதாம்பாளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "ஆத்தா, மாரியாத்தா" என்றவள் விடுவிடுவென்று சமையற்கட்டுக்குள் போனாள். வெல்லம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. நெய் காய்கிற வாசனை வந்தது. தியாகேசன் கோமளாவைப் பார்த்தான். ஆரம்பிச்சாச்சு, என்றது அவன் பார்வை.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அடுப்பை அணைக்கிற ஓசை. பிரகதாம்பாள் வெளியே வந்தபோது கையில் வெறும் மோர் டம்ளர் இருந்தது.

"கை தானா வெல்லத்துக்குப் போயிடுச்சு" என்றாள். டம்ளரை நீட்டினாள். "போன தடவையும் இந்தக் கைதான். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது கோமளா. டாக்டரு என்ன சொல்றாங்களோ அதையே ஆக்கிப் போடுறேன். நடக்கச் சொன்னா நட. ஆனா நானும் கூட வருவேன். முட்டி வலிச்சா வலிக்கட்டும்."

கோமளா டம்ளரை வாங்கினாள். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

"பால்குடம்?" என்றான் தியாகேசன். "அவ்வளவு தூரம் தலையில சுமந்துக்கிட்டு இவ நடக்கக் கூடாதே. எடுக்கலைன்னா ஊருக்குச் சந்தேகம் வந்துடும். மூணு மாசம் முடியாம வெளியில சொல்லவும் கூடாதும்பே."

பிரகதாம்பாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெருவே கேட்கும்படி எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பூவம்மா! எங்க கோமளாவுக்கு இன்னைக்குன்னு பார்த்து வீட்டுக்கு விலக்காப் போச்சு! பால்குடத்தை நானே எடுக்கிறேன்!"

எதிர்வீட்டிலிருந்து "அடடா" என்று அனுதாபம் வந்தது. உள்ளே கோமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளை உண்டானதை மறைக்க, இப்படி ஒரு பொய் சொன்ன மாமியார் தஞ்சாவூர் ஜில்லாவில் வேறு எவளும் இருக்க முடியாது!

சாயங்காலம் மூன்று பேரும் தஞ்சாவூர் போனார்கள். கிளினிக்கில் எடை பார்க்கும் மெஷினில் ஏறினாள். அறுபத்தெட்டு. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "பலே!" என்றார். "கடைசியா எப்ப தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே?"

"ஞாபகம் இல்லை டாக்டர். எனக்குத்தான் ஒரு கணக்கும் கிடையாதே. நாலஞ்சு வாரம் இருக்குமா?"

"படு, பார்ப்போம்."

வயிற்றில் சில்லென்று ஏதோ தடவினார்கள். கோமளா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இன்னும் சில வாரம், அந்த எட்டாவது வாரம், அதை மட்டும் தாண்டிவிட்டால் போதும். மாரியம்மனையும் வாய்க்காலையும் ஒன்றாக வேண்டிக்கொண்டாள். முன்பு இதே கட்டிலில் படுத்திருந்தபோது டாக்டரம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தார். இப்போதும் பேசவில்லை.

பிறகு ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார். அறை முழுக்கத் தடதடவென்று சத்தம்.

"டாக்டர், மெஷின்ல ஏதோ கோளாறுங்களா? டீசல் மோட்டார் மாதிரி ஓடுது" என்றான் தியாகேசன்.

"கோளாறு இல்லைய்யா. உன் புள்ளையோட நெஞ்சு அடிக்குது."

பிரகதாம்பாள் திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். கோமளா கண்ணைத் திறந்தாள்.

"நாலஞ்சு வாரம்னு சொன்னியே, இது பத்து வாரம்" என்றார் டாக்டரம்மா. "போன தடவை துடிப்பு நின்ன இடத்தை நீ எப்பவோ தாண்டிட்டே."

கோமளாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு வருஷமாக எந்த வாரத்தை நினைத்துப் பயந்தாளோ, அது அவளுக்குத் தெரியாமலே வந்து, தெரியாமலே போய்விட்டது. அன்றைக்கு அவள் எங்கே இருந்திருப்பாள்? நாற்று முடிச்சை எண்ணிக்கொண்டோ, மடையில் மண் வெட்டிக்கொண்டோ, வரப்பில் காலை நீட்டிக் களி தின்றுகொண்டோ இருந்திருப்பாள். அத்தனை நாளும் அவள் தனியாக நடக்கவில்லை! விசும்பி விசும்பி அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

"போதும், கேட்டுக்கோ" என்றார் டாக்டரம்மா. "எடை குறைஞ்சதால ஆபத்து குறைஞ்சிருக்கு. அடியோட போயிடலை. இனிமே இளைக்கவும் கூடாது, ஒரேயடியா ஏறவும் கூடாது. பிரஷர் நல்லா இருக்கு. சர்க்கரைதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வா, குளுக்கோஸ் குடிச்சுப் பார்க்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையை மூன்று பேரும் மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண், கையில் ஸ்கேன் கவரோடு, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பாரி உடம்பு. நிமிர்ந்து பார்த்தவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

"சித்தி!"

இராஜாங்கத்தின் மகள் சாவித்திரி. போன தையில் கல்யாணம் ஆனவள். வழக்கு வந்தபின் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிரகதாம்பாள் மருமகளின் கையை அழுத்தினாள். இவளுக்குத் தெரிந்தால் இராஜாங்கத்துக்குத் தெரிந்த மாதிரிதான்.

"அழுதியாடி?" என்றாள் கோமளா.

"நீர்க்கட்டியாம் சித்தி. எடையைக் குறைக்கணுமாம். மாமியார் வீட்டுல இப்பவே ஜாடை பேசுறாங்க." சாவித்திரி ஸ்கேன் கவரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "அப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்ததுலேருந்து உங்க பேச்சாத்தான் இருக்காரு. எப்படி சித்தி குறைச்சீங்க? எனக்கு யாரு சொல்லித் தருவா?"

கோமளா கணவனைப் பார்த்தாள். அவன், 'தலையை ஆட்டாதே, ஆட்டாதே' என்று கண்ணால் கெஞ்சினான். மாமியாரைப் பார்த்தாள். பிரகதாம்பாள் பெருமூச்சு விட்டு, மருமகளுக்கென்று மடியில் முடிந்து வந்திருந்த சுண்டலை அவிழ்த்துச் சாவித்திரியின் கையில் வைத்தாள். "சாப்பிடு. இது எடை போடாதாம்" என்றாள்.

கோமளாவுக்கு அது போதுமாக இருந்தது.

"நாளான்னைக்கு விடியக்காலை வாய்க்கால் கரைக்கு வா. வயல் வரைக்கும் நடப்போம்."

"அந்த நிலத்துக்கா சித்தி?" சாவித்திரியின் கண்கள் விரிந்தன. "கேஸ் நடக்குதே. அப்பாவோட வக்கீல் பார்த்தா, எங்க வீட்டு ஆள் தினமும் அங்கே நிக்கிறதா எழுதிக்குவாரே!"

வாசலில் இராஜாங்கத்தின் கார் ஹாரன் அடித்தது. மகளைத் தேடி அவரே உள்ளே வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

கோமளா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "எழுதட்டும். நீ யாருன்னு கேட்டா, நான் கூலிக்கு வச்ச ஆளுன்னு சொல்லிடறேன்."